கோட்டின் மேல் ஒரு கட்டில்

டார்கஸ் பிம்மின் வீட்டில் ஏழு கட்டில்கள் இருந்தன. அவற்றில் ஆறு எந்த மூலையில் கிடந்தாலும் யாருக்கும் கவலையில்லை. ஏழாவது கட்டில், பின்னறையில் சன்னலோரம் கிடந்த ஒற்றைக் கட்டில், ஒரு முழம் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் போதும், இரண்டு கோயில் பங்குகளுக்குத் தூக்கம் கெட்டுவிடும்.

லண்டனில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கில் பிறந்த ஏழைக்கு அந்தப் பங்கே சோறு போட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர்கள் வரி கட்ட வேண்டும். ஆகவே ஒருவன் எந்த மண்ணில் பிறந்தான் என்பது அவனைப் பெற்றவர்களைவிடப் பக்கத்துத் தெரு கசாப்புக்காரனுக்கு முக்கியம். பாட்கின் சந்தில் ஒரு காலத்தில் ஓடை ஓடியது. ஓடைக்குக் கிழக்கே செயின்ட் அர்சுலா பங்கு, மேற்கே செயின்ட் வினிஃப்ரெட் பங்கு. பிற்பாடு ஓடையைத் தூர்த்து வீடு கட்டினார்கள். தண்ணீர் போயிற்று, எல்லை போகவில்லை. டார்கஸின் வீட்டு முன்சன்னலில் நுழைந்து, அடுப்பைத் தொட்டு, பின்னறையைக் குறுக்கே அறுத்து, பின்சன்னல் வழியாக வெளியே போயிற்று. அடுப்புக்கல்லில் ஒரு ஈயத்தகடு பதித்திருந்தார்கள். ஒரு பாதியில் அர்சுலாவின் அம்பு, மறுபாதியில் வினிஃப்ரெட்டின் கோல். அதனால் சந்தில் எல்லோருக்கும் அது அம்புப் பக்கம், இது கோல் பக்கம்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஆண்டவர் விண்ணேறிய வியாழக்கிழமை, பங்குக்காரர்கள் தங்கள் எல்லையை நடந்து பார்ப்பார்கள். தோலுரித்த வில்லோக் குச்சிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எல்லைக்கல்லையும் அடிப்பார்கள். கோடு வாசல் வழியாகப் போகாமல் சன்னல் வழியாகப் போவதால் அவர்களும் சன்னல் வழியாகத்தான் வர வேண்டும். தொப்பையுள்ள கனவான்கள் சன்னலில் ஏறுவதற்காகவே டார்கஸ் ஒரு முக்காலி வைத்திருந்தாள். காலையில் அம்புப் பங்கு வரும், மதியம் கோல் பங்கு வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்த ஒரு வருஷம் குச்சிகள் கல்லைவிட்டு மண்டைகளில் விழுந்தன.

டார்கஸின் புருஷன் ஏபெல் கப்பல்களிலிருந்து நிலக்கரி வாரிப் போடுகிறவன். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஈரப்பலகையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. அன்றிலிருந்து அடுப்படிக் கட்டிலில் கிடந்தான். பார்ப்பதற்குக் கூரை மட்டும் இருந்ததால் காது கூர்மையாகிவிட்டது. யார் படியேறுகிறார்கள், யாருடைய செருப்பு தேய்ந்திருக்கிறது, யார் கோபமாக வருகிறார்கள் எல்லாம் காலடியிலேயே சொல்லிவிடுவான். வீடு நடந்தது கட்டில்களால்தான். டார்கஸ் அவற்றை நன்றாக வைத்திருந்தாள். சட்டத்தில் துளையிட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கோத்து, அதன் மேல் வைக்கோல் மெத்தை. ஆள் படுக்கப் படுக்கக் கயிறு தொய்யும். தொய்ந்த கட்டிலில் இருவர் படுத்தால் இருவரும் நடுவில் உருண்டு சேர்ந்துவிடுவார்கள், காலையில் சண்டை வரும். மரச்சாவி ஒன்றால் கயிற்றைத் திருகி இறுக்கி, இறுக்கம் நழுவாமல் துளையில் ஆப்பு அடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஏழு கட்டில்களுக்கும் அவள் அதைச் செய்தாள்.

வசந்தத்தில் வேல்ஸ் மலைகளிலிருந்து பெண்கள் களையெடுக்க வருவார்கள். இருநூறு மைல் நடை. நடக்கும்போதே காலுறை பின்னிக்கொண்டு வருவார்கள். வந்து சேரும்போது காலில் கொப்புளமும் கையில் விற்பதற்கு நாலு ஜோடிக் காலுறையும் இருக்கும். நகரத்துக்கு மேற்கே காய்கறித் தோட்டங்கள். நகரத்தின் கழிவெல்லாம் வண்டியில் அங்கே எருவாகப் போகும், பிறகு கேரட்டாகவும் கீரையாகவும் கூடையில் திரும்பி வரும். அந்த எருவில் முட்டிபோட்டு, சிறு கொக்கிக் கத்தியால் வரிசை வரிசையாகக் களை பறிப்பது இவர்கள் வேலை. மேரி ராணி இறந்ததற்கு அடுத்த வசந்தத்தில் ஐந்து பேர் வந்தார்கள். தலைவி காட்ரின், ஐம்பது வயது, குரல் ஓங்கியவள். கடைசியாக வந்தவள் எலின். அவள் ஏப்ரன் நாடாவை மார்புக்குக் கீழேயே, மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள்.

முதல் நாளே ஏபெல் சொன்னான். "அந்தச் சின்னவ ரெண்டு ஆளு கனத்துக்கு நடக்குறா."

"களைச்சுப் போயிருப்பா."

"களைச்சவ காலை இழுத்து நடப்பா. இவ குதிகாலை ஊனி, பின்னால சாஞ்சு நடக்குறா. நீ போய் ஏப்ரனை அவுத்துப் பாரு."

டார்கஸ் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பின்னறைக் கட்டிலில் எலினை உட்காரவைத்து, பட்டாணிக்கஞ்சி ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, எதிரில் நின்றாள்.

"எத்தனை மாசம்?"

எலின் கஞ்சியைப் பார்த்தபடி இருந்தாள். "மே கடைசியில வரும் அக்கா. எங்க அம்மா கணக்குப் போட்டுச் சொன்னா."

"அங்கயே இருந்திருக்கலாம்ல."

"அங்க கஞ்சி இல்ல. போன வருஷம் ஓட்ஸ் கருகிப்போச்சு. இங்க ரெண்டு மாசம் களை பறிச்சா, பிறக்குறதுக்கும் எனக்கும் சேர்த்து ஏதாச்சும் இருக்கும்னு வந்தேன்."

"புருஷன்?"

"மாடு ஓட்டிட்டுப் போனான். கென்ட் பக்கம். வரல."

"கோயில்ல கட்டின புருஷனா?"

"எங்க மலையில வாசல்ல துடைப்பத்தைச் சாய்ச்சு வைப்பாங்க. ஊரே பார்க்க அதைத் தாண்டி வீட்டுக்குள்ள வந்தான். நானும் தாண்டினேன். ரெண்டு பேர் காலும் அதுல படல."

டார்கஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இந்த ஊர்ல துடைப்பத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுடி."

புருஷனுள்ளவள் பெற்றால் குழந்தை புருஷனுடைய ஊருக்குப் போகும். இல்லாதவள் பெற்றால் விழுந்த மண்ணுக்குச் சொந்தம். அது ஒரு தொழிலில் சேரும் வயதுவரை அந்தப் பங்கு சோறு போட வேண்டும். அதனால் பிரசவத்துக்கு முன்னால் அவளை எல்லை தாண்டிவிட எந்தப் பங்கும் பாடுபடும். ஆனால் குழந்தை விழுந்துவிட்டால் போயிற்று. பெற்றவளை ஒரு மாதம் கட்டிலிலிருந்து யாரும் அசைக்க முடியாது. ஆக எலினுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கட்டில், மே கடைசிவரை.

மூன்று வாரம் எலின் தோட்டத்துக்குப் போனாள். முட்டிபோட முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து களை பறித்தாள். பிறகு காட்ரின் தடுத்துவிட்டாள். "நீ பறிக்கிற களைய நாங்க நாலு பேரும் பங்கு போட்டுப் பறிக்கிறோம். நீ படு. அங்க வந்து கேரட் பாத்தியில பெத்துத் தொலைச்சேன்னு வையி, தோட்டக்காரன் அதையும் கூடையில போட்டு அனுப்பிடுவான்."

சந்தில் ரகசியம் நிற்காது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏபெல் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தான். "டார்கஸ், மெழுகுவர்த்தி வருது."

மெழுகுவர்த்தி என்றால் ஸ்னெல். கொழுப்பு மெழுகுவர்த்தி வார்த்து விற்கிறவர். அந்த வருஷம் அம்புப் பங்கின் ஏழைகளுக்கு மேற்பார்வை அவர் தலையில் விழுந்திருந்தது. இது யாரும் ஆசைப்பட்டு ஏற்கிற வேலையல்ல. வருஷத்துக்கு ஒருவர் முறைபோட்டுச் செய்வது. செலவு ஏறினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் முறைப்பான்.

டார்கஸ் ஓடிப்போய் எலினை எழுப்பினாள். இருவரும் கட்டிலின் இரண்டு முனைகளைப் பிடித்து மேற்கே இழுத்தார்கள். கட்டில் ஓக் மரம். எலின் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஸ்னெல் உள்ளே வந்தபோது கட்டில் முழுதும் கோல் பக்கத்தில் இருந்தது.

ஸ்னெல் அடுப்புத்தகட்டைப் பார்த்தார், சன்னல் நடுக்கம்பியைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி இரண்டுக்கும் நடுவே மனக்கோடு போட்டார். முகம் மலர்ந்தது.

"கோல் பங்குப் பெர்ட்டனோட பக்கமா கிடக்குறா."

"ஆமாங்கய்யா."

"எப்பவும் அங்கதான் கிடக்குமா?"

"கயிறு போட்ட நாள்லேருந்து."

"நல்ல கட்டில்மா." அதன் காலைத் தட்டிக்கொடுத்தார். "எனக்கு வீட்டுல ஆறு பிள்ளை. இன்னொண்ணைப் பங்குல சேர்த்துவிட்டா என் சம்சாரமே என்னை எல்லை தாண்டி அனுப்பிடுவா."

அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று மாலை சாராயக்கடையில் கோல் பங்கின் மேற்பார்வையாளரான ரொட்டிக்கடைக்காரர் பெர்ட்டனிடம், உன் அடுப்பில் ஒரு ரொட்டி உப்புகிறதே என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் பெர்ட்டன் மாவுக்கையோடு வந்தார். ஏபெல் காலடி கேட்டுச் சொல்வதற்குள் அவர் சந்தின் பாதியில் இருந்தார். டார்கஸும் எலினும் கட்டிலைக் கிழக்கே இழுத்தார்கள். எலின் பாதியில் நின்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி இழுத்தாள்.

பெர்ட்டன் குள்ளமான, பேச்சுக் குறைந்த மனிதர். தரையைக் குனிந்து பார்த்தார். பலகையில் கட்டில்கால் இழுபட்ட வெள்ளைக் கீறல் இரண்டு திசையிலும் இருந்தது. விரலால் அதைத் தடவி, மரத்தூளை முகர்ந்தார்.

"கட்டில் நடக்குது போலருக்கே" என்றார். மாவுக்கையைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

அது புதன்கிழமை. அடுத்த நாள் விண்ணேறிய வியாழன்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்க" என்றான் ஏபெல். "பெர்ட்டன் போன காலடி கேட்டியா? வீட்டுக்குப் போகல. மெழுகுவர்த்திக் கடைப்பக்கம் திரும்பிச்சு."

டார்கஸ் ஹெர்ரிங் மீனின் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ஏய்யா, கட்டில நடுவுல போட்டா?"

"எங்க நடுவுல?"

"கோட்டு மேலயே. பாதி அங்க, பாதி இங்க. அவரு அனுப்பணும்னா இவரு பாதியையும் சேர்த்து அனுப்பணும். இவரு அனுப்பணும்னா அவரைக் கேக்கணும். அதுங்க ரெண்டும் முப்பது வருஷமா ஒரு சாக்கடைக்கல்லுக்கே ஒத்துப்போகல. இதுக்கா ஒத்துப்போகும்? பேசிப்பேசியே மே முடிஞ்சிரும். அதுக்குள்ள பிள்ளை விழுந்திரும்."

ஏபெல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல பலகை போடுவோம். கப்பல்காரன் அது கரையோட பலகைம்பான். கரைக்காரன் கப்பலோடதும்பான். அதனால அதை ஒருத்தனும் துடைக்க மாட்டான். நான் அதுலதான் விழுந்தேன்."

"உன் பலகையும் இதுவும் ஒண்ணா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். அவளை இன்னொரு தடவை இழுக்க வைக்காத, அவ்வளவுதான்."

ஆனால் வீட்டில் வேறு கை இல்லை. காட்ரின் கூட்டம் இருட்டியபிறகுதான் திரும்பும், அப்போது களைப்பில் நின்றபடியே தூங்குவார்கள். டார்கஸ் ஒருத்தியே இழுத்துப் பார்த்தாள். ஒரு கால் பலகைச் சந்தில் மாட்டிக்கொண்டது. எலின் தானாகவே எழுந்து வந்து மறுமுனையைத் தூக்கினாள்.

"இனி நகர்த்த வேண்டாம்ல அக்கா?"

"இதான் கடைசி."

தலை அம்புப் பக்கம், கால் கோல் பக்கம். டார்கஸ் மரச்சாவியால் கயிற்றை இறுக்கினாள், புது வைக்கோல் தூவினாள். எலினுக்குக் கட்டில் இவ்வளவு இறுக்கமாக இருந்தது அதுதான் முதல் தடவை. குழந்தை சறுக்காது என்று சொல்லிச் சிரித்தாள்.

விடிந்தபோது அவளுக்கு இடுப்பு வலித்தது. மூன்று வாரம் முந்தி. டார்கஸ் வெந்நீர் வைத்தாள். காட்ரின் இல்லை, தோட்டத்துக்கு ஆள் அனுப்பினால் வந்து சேர மதியமாகும். ஒன்பது மணிக்கே சந்தில் பாட்டுச் சத்தம். இரண்டு பங்குகளும் குச்சிகளோடு, ரொட்டியும் பீரும் பாலாடைக்கட்டியும் கூடைகளில் தூக்கிக்கொண்டு, ஒரே ஊர்வலமாக வந்தன. அப்படி ஒரு ஒற்றுமையைச் சந்து பார்த்ததில்லை. ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

ஸ்னெல் முக்காலியில் ஏறிச் சன்னல் வழியாக இறங்கினார். பெர்ட்டன் பின்னால் இறங்கினார். மற்றவர்கள் சன்னலில் தலைகளை அடுக்கிக்கொண்டு நின்றார்கள். பெர்ட்டனின் பையில் மாவு மூட்டை தைக்கும் நூல் இருந்தது. ஒரு முனையை அடுப்புத்தகட்டின் நடுக்கோட்டில் ஸ்னெல் பிடித்துக்கொண்டார். மறுமுனையை பெர்ட்டன் பின்னறைச் சன்னலுக்குக் கொண்டுபோய் நடுக்கம்பியில் கட்டி இழுத்தார். நூல் விறைத்தது. அது எலினின் வயிற்றுக்கு மேலாகப் போயிற்று. அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் நூல் போர்வையில் பட்டது.

"தலை உம்ம பக்கம்" என்றார் பெர்ட்டன். "தலை எங்க படுக்குதோ அங்கதான் ஆள் படுக்குறதா கணக்கு. போன வருஷம் நீதிபதி அப்படித்தான் சொன்னாரு."

"தலை படுக்கட்டும். பிள்ளை தலை வழியாவா வரும்? கால்மாட்டுல வரும். கால்மாடு உம்ம மண்ணு."

சன்னலில் சிரித்தார்கள். ஒருவன், "குறுக்கால படுக்கச் சொல்லு, ஆளுக்குப் பாதி" என்றான்.

டார்கஸ் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். "பார்த்தாச்சுல்ல. அளந்தாச்சுல்ல. வெளிய போய்ப் பேசுங்க. வலி எடுத்திருச்சு."

ஸ்னெல்லின் முகத்தில் சிரிப்பு போயிற்று. "எடுத்திருச்சா?"

"விடியக்காலையிலேருந்து."

இரண்டு மேற்பார்வையாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டார்கஸ் அந்தப் பார்வையைப் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். முப்பது வருஷத்து சாக்கடைக்கல் அந்தப் பார்வையில் கரைந்துவிட்டது. இருவரும் அடுப்படிக்கு நகர்ந்து, ஏபெலின் தலைமாட்டிலேயே நின்று பேசினார்கள். அவன் கிடக்கிறான் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. பிறகு டார்கஸைக் கூப்பிட்டார்கள்.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் வேற மாவட்டம்" என்றார் ஸ்னெல். "படித்துறை நூறு தப்படி. படகுக்கு நாங்க பேசிக்கிறோம். நாற்காலியும் தர்றோம்."

"நீதிபதி கையெழுத்து எங்கய்யா? கையெழுத்து இல்லாம அவளைத் தொட முடியாது."

"நாங்க யாரும் தொடப்போறதில்லம்மா. அவளா எந்திரிச்சுப் போனா அது துரத்தினது ஆகாது. நீ சொல்லணும். உன் வீடு, உன் கட்டில்."

"நான் ஏன் சொல்லணும்?"

பெர்ட்டன்தான் பதில் சொன்னார், சத்தமே போடாமல். "ஏழு கட்டில் இருக்கு. வெளியூர்க்காரங்களைத் தங்கவைச்சா எங்களுக்குச் சொல்லணும்னு சட்டம். மூணு வருஷமா நீ சொல்லல, நாங்களும் கேக்கல. நாளைக்கு ரெண்டு பங்கும் சேர்ந்து எழுதினா இந்த வீட்டுல ஒரு கட்டில்தான் இருக்கும்." ஏபெலைப் பார்த்தார். "அவரோடது."

ஸ்னெல்லுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். குச்சியைக் கைமாற்றிக்கொண்டே, "இது என் வருஷமா இல்லாம இருந்தா நான் இப்படிக் கேக்கவே மாட்டேன்மா" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஏபெல் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "டார்கஸ். என்னைக் கணக்குல எடுக்காத."

அவள் ஏபெலைப் பார்த்தாள். அவனுக்குக் கீழே தொய்ந்திருந்த கயிறுகளைப் பார்த்தாள். பின்னறைக்குப் போனாள். எலின் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள்.

"எலின். கொஞ்சம் எந்திரி."

"மறுபடியும் நகர்த்தணுமா அக்கா?"

டார்கஸ் அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். எலின், கட்டிலை நகர்த்தத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, வலிக்கு நடுவே எழுந்து, குனிந்து, தன் முனையைப் பிடித்தாள். டார்கஸ் அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

நாற்காலியை இரண்டு பங்குகளிலிருந்தும் ஆளுக்கொருவர் தூக்கினார்கள். ஊர்வலம் குச்சிகளோடு ஒதுங்கி வழிவிட்டது. டார்கஸ் கூடவே போனாள்.

நீர் வற்றும் நேரம். தேம்ஸ் கடலுக்கு இழுக்கும்போது நேரே அக்கரைக்குத் துடுப்புப் போட முடியாது. படகை மேற்கே திருப்பி, நீரோட்டத்தை எதிர்த்துச் சாய்த்துப் பிடித்து, நீரே படகைக் குறுக்கே தள்ளும்படி விட வேண்டும். படகுக்காரன் கெட்டிக்காரன். ஆனால் அதற்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமாகும். நடு ஆற்றில், படகின் அடிப்பலகையில் டார்கஸின் மடியில் தலைவைத்து எலின் பெற்றாள். படகுக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டான். பெண் குழந்தை. படகில் கிடந்த, நிலக்கரித்தூள் படிந்த கயிற்றை டார்கஸ் பல்லால் அறுத்துக் கொப்பூழைக் கட்டினாள். குழந்தை இரண்டு முறை அழுதது.

தென்கரைப் படித்துறையில் ஒரு பங்குச் சேவகன் தடியோடு நின்றிருந்தான். வடகரையில் நாற்காலி இறங்கியதை அவன் தென்கரையிலிருந்தே பார்த்திருந்தான். அவர்களுக்கும் இது பழக்கமானதுதான்.

"எறங்காதீங்க. என்ன அது கையில?"

"பிறந்திருச்சுய்யா. ஆத்துலயே பிறந்திருச்சு. உங்க மண்ணு இல்ல, யார் மண்ணும் இல்ல. படுக்க மட்டும் இடம் குடுங்க."

"எங்க பிறந்துச்சுன்னு தண்ணியா வந்து சாட்சி சொல்லும்? கரையில கால் வெச்சா எங்க தலையில. திருப்பு படகை."

படகுக்காரன் படித்துறைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீர் படகை இழுத்தது. காற்று ஈரமாக மேற்கிலிருந்து வந்தது. டார்கஸ் ஏப்ரனை அவிழ்த்துச் சுற்றினாள், சால்வையைச் சுற்றினாள், தன் சட்டைக்குள் வைத்து அணைத்தாள். மூன்று வாரம் முந்தி வந்த குழந்தை, உள்ளங்கை இரண்டில் அடங்கும். எலின் மலைப்பாஷையில் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று டார்கஸுக்குத் தெரியாது. சங்கிலியில் ஈரக்கோடு இரண்டு வளையம் இறங்கியிருந்தது. அப்போது அவள் சட்டைக்குள் பார்த்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த சேவகன் தடியைத் தாழ்த்தினான். "அப்படியா" என்றான். ஒரு படி ஒதுங்கி நின்று, "அப்படின்னா சரி. அந்தப் பொண்ணு எறங்கலாம்" என்றான். எலினைத் தூக்கி இறக்குவதற்கு அவனே கைகொடுத்தான்.

எலினை ஒரு வண்டிக்கொட்டகையில் படுக்கவைத்தார்கள். குழந்தையை டார்கஸ் இக்கரைக்குக் கொண்டுவந்தாள். ஸ்னெல் மறுக்கவில்லை. அர்சுலா கோயிலின் வடக்குச் சுவரோரம் ஒரு சிறு குழிக்கு அவரே சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு கட்டு மெழுகுவர்த்தி வந்தது. பெர்ட்டன் கடையிலிருந்து ஒரு வெள்ளை ரொட்டி வந்தது, கோதுமை ரொட்டி, எலினுக்கென்று. டார்கஸ் மறுநாள் அதைக் கஞ்சியோடு அக்கரைக்குக் கொண்டுபோனாள். எலின் ரொட்டியைப் பிட்டுத் தின்றாள். குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. "கட்டில் எங்க கிடக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அங்கதான்."

"நான் இன்னும் கொஞ்சம் வேகமா இழுத்திருக்கணும்."

டார்கஸ் மூன்றாவது முறை போனபோது கொட்டகையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். எலினைச் சீட்டுக்கொடுத்து வேல்ஸுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். சீட்டு என்றால், ஒரு பங்கின் வண்டி அடுத்த பங்கின் எல்லையில் இறக்கிவிடும். அங்கிருந்து அவர்கள் வண்டி, அடுத்த எல்லை. இப்படியே இருநூறு மைல்.

காட்ரின் கூட்டத்திடம் டார்கஸ் அதைச் சொன்னாள். எலின் பங்குக் களையையும் பறித்ததில் சேர்ந்த கூலியை அவர்கள் பிரித்துக்கொள்ளாமல் ஒரு காலுறையில் முடிந்தார்கள். செப்டம்பரில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

பெர்ட்டனும் ஸ்னெல்லும் அந்த வருஷத்தோடு மேற்பார்வையை வேறு இருவரிடம் ஒப்படைத்தார்கள். டார்கஸ் பின்னறைக் கட்டிலைச் சுவரோரம், முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளிப்போட்டாள். எந்தப் பக்கம் என்பது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு மழைநாள் மத்தியானம் ஏபெல் சொன்னான். "வேல்ஸ்காரிங்க வர்றாங்க. அஞ்சு பேரு."

டார்கஸ் வாசலுக்குப் போனாள். காட்ரின் முன்னால் வந்தாள், இன்னும் நரைத்திருந்தாள். இடுப்பில் ஒரு முடிச்சிட்ட காலுறை தொங்கியது.

"அவ வந்து சேந்தாளா?" என்று டார்கஸ் கேட்டாள்.

காட்ரின் காலுறையைத் தொட்டுக் காட்டினாள். "குளிர் முழுக்க இதை வெச்சுட்டுக் காத்திருந்தோம். அவங்கம்மா தினமும் மலைப்பாதைக்கு வந்து நின்னா. எந்த எல்லையில எறக்கிவிட்டாங்கன்னு கேக்கிறதுக்கு எங்களுக்கு யாரைத் தெரியும்? வர்ற வழியெல்லாம் கேட்டுட்டுத்தான் வந்தோம். ஒவ்வொரு ஊர்லயும் அடுத்த ஊருக்கு அனுப்பிட்டோம்னுதான் சொன்னாங்க."

டார்கஸ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வழிவிட்டாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ஒருத்தி, இரண்டு, மூன்று, நாலு. கடைசியாக வந்தவள் பதினெட்டு வயதுகூட இருக்காது. கையில் பாதி பின்னிய காலுறை. மழைக்குச் சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

டார்கஸின் கை தானாகவே நீண்டது. சால்வையை விலக்கி, ஏப்ரன் நாடாவைத் தேடியது. நாடா மார்புக்குக் கீழேயே இருந்தது. உள்ளங்கையை அந்த வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை அவள் உள்ளங்கையைத் தட்டியது.

அந்தப் பெண் புன்னகைத்தாள். "ஜூன்ல அக்கா."

"இடமில்ல."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. டார்கஸின் தோளுக்கு மேலே பார்த்தாள். திறந்த கதவு வழியாகப் பின்னறை தெரிந்தது. சுவரோரம் கட்டில், புது வைக்கோல், இறுக்கிய கயிறு. காட்ரின் திரும்பி வந்து டார்கஸின் பின்னால் நின்றாள்.

"டார்கஸ். அந்தக் கட்டில் காலியாத்தானே கிடக்கு."

"அதுக்கு ஆள் சொல்லியாச்சு."

"யாரு?"

டார்கஸ் உள்ளே திரும்பினாள். உள்ளேயிருந்து பாதி ரொட்டியை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் வைத்து, கதவைச் சாத்தினாள். அடுப்படிக்கு வந்து பட்டாணிப் பானையைக் கிளறத் தொடங்கினாள்.

ஏபெல் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். மேலே நாலு ஜோடிக் கால்கள் ஈரச்செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ஒரு ஜோடி திரும்பிப் போவுது, டார்கஸ்."

"வழி தப்பி வந்தவ."

"குதிகாலை ஊனி நடக்குறா."

அவள் கிளறினாள். ஏபெல் காதைச் சாய்த்துக்கொண்டான். சந்துமுனை சாக்கடைக்கல்லில் அந்தக் காலடி ஒரு நிமிஷம் நின்றது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்க வேண்டும். பிறகு மழைச் சத்தம்தான் கேட்டது.